பதினோரு மாதச் சோதனை

துறைமுகத்தில் எல்லோரும் அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக கிரேன் ஓட்டுகிறவர். கேபினுக்குப் போக இரும்பு ஏணியில் நூற்று நாற்பது படி. ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் அத்தனையும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாமென்று எட்டு மணி நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். அதில் பெருமை வேறு.

வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை. தேறினால்தான் மேலே ஏறலாம். இல்லாவிட்டால் கிடங்கில் மூட்டை எண்ண வேண்டியதுதான். சோதனைக்குப் பத்து நாள் முன்னால் மனிதர் திடீர்ச் சாமியாராகிவிடுவார். உப்பு கிடையாது, சிகரெட் கிடையாது, விடிந்ததும் நடை, குடம் குடமாகத் தண்ணீர். சோதனை முடிந்த சாயங்காலமே வாசலில் நின்று ஒன்றைப் பற்றவைப்பார்.

மனைவிக்கு அதே துறைமுக அலுவலகத்தில் வேலை. முடிவுச் சீட்டுகள் அவள் கை வழியாகத்தான் வரும். போன வருஷம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"பிரஷர் கொஞ்சம் கூடவாம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்பாங்களாம். அதுவரைக்கும் ஏறலாம்."

அவர் உப்பையும் சிகரெட்டையும் மறுபடி விட்டார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் டாக்டர் லீவு என்றாள். அதற்கப்புறம் மிஷின் ரிப்பேர் என்றாள். டாக்டரையும் மிஷினையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தார். ஏணியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர், இப்போது நிற்காமல் ஏறினார். வேலை நேரத்தில் தண்ணீரும் குடித்தார். இதையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை.

பதினோராவது மாதம், ஏதோ ரசீது தேடப்போய், அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் அந்தச் சீட்டு கிடைத்தது. 'தகுதி' என்று முத்திரை. போன வருஷத் தேதி.

"என்னை முட்டாளாக்கிட்டியே!"

அவள் மறுக்கவில்லை. துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை.

"எங்கப்பா எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தார். கடைசி ஒன்பது வருஷம் கட்டில்ல. புரட்டிப் போட்டது நான். நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு எனக்குப் பயமில்ல. படுத்துடுவீங்களோன்னுதான் பயம். இன்னொரு தடவை என்னால முடியாது."

கத்த வாயெடுத்தவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். மடித்த துணியைத் தூக்க அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள். ஒரு கனத்த மனிதரை ஒன்பது வருஷம் புரட்டிய இடுப்பு. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் துறைமுகத்தில் சோதனை கிடையாது. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, நீ படுத்துட்டா?"

தூக்கிய துணியை அவள் திரும்பக் கீழே வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேருமாக நடந்தார்கள். அவர் அரை மணியில் போய்வருகிற தூரம். வழியில் ஐந்து இடத்தில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவரும் நின்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்று அவர் வேலைக்குத் தாமதமாகப் போனார்.