நேர்ந்துவிட்ட கிடா

பாலிங் வட்டார எஸ்டேட் ஒன்றில் ஆடு வளர்த்த அண்ணன் ஒருவரை, கால்நடை மருத்துவமனையிலிருந்து புழுப் பரிசோதனைக்கு ஆட்டுப் புழுக்கை எடுக்கப் போனபோது சந்தித்தேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். பேசிக்கொண்டே கைக்கெட்டிய ஆட்டின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். உள்ளே வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்துவிட்டது என்று பொருள்.

"முன்கூட்டியே மருந்து குடுக்கலாமே, அண்ணே?"

"எந்த ஆட்டுக்குப் புழு இருக்குன்னு தெரியாம எல்லாத்துக்கும் ஊத்திக்கிட்டே இருந்தேன்லா தம்பி. இப்ப புழு எந்த மருந்துக்கும் கேக்கல. வெளுக்கறதுக்கு முன்னயே கண்டுபிடிக்க ஏதும் வந்திருக்கா?"

"ஆராய்ச்சி பண்றாங்க" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் இமையை மட்டும் அவர் தொடவில்லை. ஏனென்று கேட்டேன்.

"வெளுத்திருந்தா என்ன செய்ய? சாமி ஆடு. விக்க முடியாது, திருவிழாவுக்கு முன்ன வெட்டவும் முடியாது."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் இழுத்துப் பார்த்தேன். காகிதம்போல் வெளுத்திருந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை அவர் திரும்பாமலே நின்றார். இமையை விட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போனேன்.