பிக்காசோடு வந்த சம்மந்தி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம், தாராவியில் நடந்தது இது. அன்று எனக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை என்னோடு வேலை பார்த்தவர், ஜார்கண்ட்காரர். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் நிலக்கரிச் சுரங்கத்தில் கையால் கரி வெட்டியவர்கள். எந்த நல்ல காரியமானாலும் அந்தக் கருவிகளுக்குத்தான் முதல் பொட்டு என்று பிக்காசு, கடப்பாரை, கரி அள்ளும் பெல்சா எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்திருந்தார்கள். இந்தச் சம்மந்தம் பிடிக்காமல் இருந்து, கடைசியில் எனக்காக இறங்கி வந்திருந்த என் அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, கல்யாண வீட்டுக்கு யாராவது கடப்பாரையோட வருவாவளா?"

விடியற்காலை மழையில் எங்கள் சந்து முனையிலிருந்த பழைய சுவர் இடிந்து விழுந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் வெளியே போக அது ஒன்றுதான் வழி. ஆளுயரத்துக்குச் செங்கல்லும் சேறும். பட்டுப்புடவையும் பூவுமாக நான் உள்ளே. மண்டபம் மெயின் ரோட்டில். முகூர்த்தம் நெருங்க நெருங்க அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா வெறுங்கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் தங்கியிருந்த மாப்பிள்ளைக்கு நான் போன் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் அரவம் கேட்டது.

"ஹடோ, பெஹ்லே சுன்னே தோ," என்றது மாமனாரின் குரல். தள்ளிப் போங்கள், முதலில் நான் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். மிச்சம் நின்ற சுவரைக் கடப்பாரையால் மெல்லத் தட்டினார். சுரங்கத்தில் கூரையை இப்படித்தான் தட்டி, சத்தத்தை வைத்தே நிற்குமா விழுமா என்று தெரிந்துகொள்வார்களாம். தளர்ந்திருந்த பகுதியைச் சாய்த்துவிட்டுத்தான் பிக்காசைப் போட்டார். பெரியப்பா பெல்சாவால் வாரித் தள்ள, மாமியார் புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை சுமந்தார். நடுவே அவர்கள் ஊர்ப் பாட்டு வேறு. எங்கள் சந்துப் பெண்கள் அர்த்தம் தெரியாமலே கூடப் பாடினார்கள்.

வழி திறந்தது. முழங்கால் சேற்றில் இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே நின்றார்கள். என் அப்பாவுக்கு ஹிந்தி நன்றாகவே தெரியும். அன்றைக்கு என்னவோ தமிழ்தான் வந்தது.

"வாங்க சம்மந்தி. வேட்டியெல்லாம் சேறாயிட்டே."

மாமனாருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தபடி அப்படியே அவரைக் கட்டிக்கொண்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. இப்போதெல்லாம் அப்பா எங்களைக்கூடக் கூப்பிடாமல் தனியாகவே ஜார்கண்டுக்கு ரயிலேறிவிடுகிறார். இரண்டு குடும்பம் ஒட்டிக்கொள்ள வருஷக்கணக்காகும் என்பார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால் ஒரு காலைப்பொழுதே போதும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.