ஐந்தாவது கையொப்பம்

நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகை தன் திருவனந்தபுரம் பதிப்பை நிறுத்திய பிறகு, கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் நான்கு பேர். மூன்று பேர் நிரல் எழுதினார்கள்; நான் அதற்கான விளக்கக் குறிப்புகளை எழுதினேன். ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அறை. ஏசியின் சத்தத்தையும் கீழே பல் ராவும் சத்தத்தையும் பிரித்தறிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

குழு பார்த்தது பிளாக்செயின் வேலை. ஒரே கணக்குப் புத்தகத்தை உலகெங்கும் பல கணினிகள் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு அது. முதலாளி கிடையாது. பொது நிதி ஒன்று உண்டு. அதை எதற்குச் செலவழிப்பது என்று ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு அல்ல, அந்தப் புத்தகத்தில் நாணயம் போலப் புழங்கும் டோக்கன் கையில் எத்தனை இருக்கிறதோ அத்தனை ஓட்டு. பழைய பரிமாற்றங்களைத் தேடி எடுக்கும் ஒரு சிறிய கருவியை நாங்கள் பராமரித்தோம். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்கள் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வந்தது.

பராமரிப்புக் குழுக்களுக்குப் போகும் பங்கை நிறுத்திவிட்டு விளம்பரத்துக்குத் திருப்ப வேண்டும் என்று, டோக்கன் நிறைய வைத்திருந்த சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். எங்களிடம் இருந்த டோக்கன் கொஞ்சம். லாகோஸ், ஹனோய், போலந்து என்று எங்களையும் சேர்த்து ஏழு சிறு குழுக்கள். தனித்தனியே போட்டால் ஒன்றுமே இல்லை. சேர்ந்தால் ஒரு கனம் இருந்தது. ஏழு குழுக்களும் தங்கள் ஓட்டுரிமையை ஒரே பொதுக் கணக்குக்கு எழுதிக் கொடுப்பது, அந்தக் கணக்கு ஒரே ஓட்டாகப் போடுவது என்று முடிவானது. குழுவுக்கு ஒரு சாவி, அதாவது கணினியில் கையொப்பமிட உதவும் ரகசிய எண். ஏழில் ஐந்து சாவிகள் கையொப்பமிட்டால் ஓட்டு செல்லும்.

"ஒத்தைக்கு நின்னா நம்மள ஆரும் மைண்ட் செய்யில்ல" என்றார் எங்கள் குழுத்தலைவர். ஆற்றிங்கல்காரர், மலையாளி. எங்களிடம் பேசும்போது தமிழ் என்று நினைத்துக்கொண்டுதான் பேசுவார்.

எங்கள் குழுவின் சாவி இருந்தது குழுவிலேயே இளையவளான ஒரு பெண்ணிடம். கவனமானவள் என்பதால் கொடுத்தோம். போனக்காடு மலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே கொழுந்துச் சாக்கு சுமந்தவர், யூனியனில் இருந்தவர். எஸ்டேட் பாதி மூடிக் கிடந்தது. லயத்தின் கூரை ஒழுகியது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு விதுரை வந்து பஸ் மாற வேண்டும். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாள் போயிற்று. தீர்மானம் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவள் வட்டியூர்க்காவில் இரண்டு அறை வீடு பிடித்து அப்பாவையும் அம்மாவையும் கீழே கொண்டுவந்திருந்தாள். இந்தச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை அவர்கள் கீழே இருக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

நான் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இங்க பத்து நிமிசத்துக்கு ஒண்ணு வருது சார். ஏறவே தோண மாட்டேங்குது" என்றார்.

"உங்களுக்கு எறங்கத் தெரிஞ்சா போதும்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்.

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. பிறகு மகளின் ஓட்டைப் பற்றி விசாரித்தார். ஏழு நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "மூஞ்சி பாக்காம யூனியனா? தைரியசாலிங்கதான்" என்றார்.

கூட்டாக ஓட்டுப் போடுவது எப்படி என்று ஹனோய்க்காரர்கள் ஒரு வழிகாட்டி எழுதியிருந்தார்கள். ஒன்பது பக்கம். அதைச் சுருக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குழுவின் நான்காவது ஆள், கரமனை அக்ரஹாரத்துப் பையன், அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எங்காத்துக் கல்யாணத்துக்கு எழுதின சாமான் லிஸ்ட்கூட இவ்வளவு நீளம் இல்லை. வெட்டுங்கோ சார், உங்களுக்குப் பழக்கம்தானே" என்றான்.

பழக்கம்தான். இருபது வருடம் அதைத்தான் செய்தேன். ஒரே செய்தியை இரண்டு வாக்கியம் சொன்னால் இரண்டாவதை எடுத்துவிட வேண்டும். ஒன்பது பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ஐந்தாவதாகக் கையொப்பமிடுபவர், கையொப்பத்துக்குப் பிறகு 'அனுப்பு' என்ற பொத்தானையும் தனியாக அழுத்த வேண்டும். அதற்கு முந்தைய வாக்கியமே, ஐந்து கையொப்பம் சேர்ந்தால் ஓட்டு செல்லும் என்றது. திரும்பச் சொல்வதாகப் பட்டது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், 'கையொப்பமிட்டதும் உங்கள் வேலை முடிந்தது' என்று எழுதினேன். நல்ல முடிவு வரி என்று அப்போது தோன்றியது.

ஏழு குழுக்களும் படித்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் மூன்று சிறிய தீர்மானங்களில் இதே முறையில் ஓட்டுப் போட்டிருந்தோம். மூன்றிலும் லாகோஸ்காரர்தான் ஐந்தாவதாகக் கையொப்பமிட்டார். நாலு கையொப்பம் விழட்டும் என்று காத்திருந்து, பிறகு தானும் இட்டு, அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டுப் போவார். அதை அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. எங்கள் அனுபவத்தில் ஐந்தாவது கையொப்பம் விழுந்தால் ஓட்டு போய்விடும்.

இந்த முறை லாகோஸ்காரருக்கு விமானப் பயணம். அதனால் முன்கூட்டியே, மூன்றாவதாகக் கையொப்பமிட்டுவிட்டுப் போனார். அடுத்து போலந்து. ஓட்டெடுப்பு முடிய வேண்டியது மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு. உலக நேரத்தில் அதுதான் நள்ளிரவு. முந்தைய நாள் மாலை நாலு மணிக்கு எங்கள் பெண் கையொப்பமிட்டாள். என் ஒரு பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, வரி வரியாகப் பார்த்துச் செய்தாள். அவளுடையது ஐந்தாவது.

திரையில் ஐந்து பச்சைக் குறிகள் வரிசையாக நின்றன. குழுத்தலைவர் டீக்கடையிலிருந்து பழம்பொரி வாங்கி வரச் சொன்னார். அவள் அப்பாவுக்கு போன் செய்தாள்.

"விழுந்தாச்சுப்பா. ஆமா, எங்க ஓட்டுதான் கடைசி. நீங்க மருந்து குடிச்சீங்களா?"

மறுநாள் ஒன்பதரைக்கு நான் போனபோது மூவரும் ஒரே திரையின் முன்னால் இருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஓட்டுப் பட்டியலில் எங்கள் பொதுக் கணக்கு இல்லை. கரமனைப் பையன் அந்தக் கணக்கின் பக்கத்தைத் திறந்தான். ஐந்து பச்சைக் குறிகளும் அப்படியே இருந்தன. கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான், அழுத்தப்படாமல் இருந்தது. ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் எங்கள் கணக்கின் கனத்தைவிடக் குறைவு. அவன் அதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.

அவள் கை மவுஸை நோக்கிப் போனது.

"இனி அமுக்கியிட்டு எந்தினா மோளே" என்றார் குழுத்தலைவர். அழுத்தி என்ன ஆகப்போகிறது என்றுதான் கேட்டார், அதட்டவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த வாக்கியம் இருந்த பக்கம், பத்தி, அதன் முதல் சொல் எல்லாம் அப்போதே நினைவுக்கு வந்துவிட்டன. பழைய ஒன்பது பக்கத்தைத் திறந்து சரிபார்த்தேன். பத்திரிகையாக இருந்தால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு திருத்தம் போடுவோம். ஏழு குழுக்களும் பார்க்கும் பொது அரங்கில், வெட்டியது நான்தான் என்று எழுதிப் போட்டேன். அதற்கு ஒருவர் கட்டைவிரல் குறி இட்டார். வேறு பதில் வரவில்லை. பொத்தானைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று எல்லோரும் அதற்குள் லாகோஸ்காரரோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். நாலாவதாக இட்டவர்கள் கவனித்திருக்கலாம் என்று ஹனோய் போலந்தைக் குற்றம் சொன்னது. டோக்கன் நிறைய வைத்திருந்த ஒருவர் உள்ளே வந்து, ஓட்டே போடத் தெரியாதவர்களுக்கு எதற்கு நிதி என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வாரத்துக்குள் ஏழு குழுக்களும் தங்கள் ஓட்டுரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டன.

அவளிடம் நேரில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானும் வாசிச்சேன்ல அண்ணே. அந்தப் பொத்தான் என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. இஞ்சினியர் நான். எனக்கு அறியண்டே, தெரிஞ்சிருக்க வேணாமா?" என்றாள்.

"நீ செஞ்சது நான் எழுதினபடி."

"அதான் அண்ணே. எழுதினபடி செஞ்சேன்." வேறு ஏதோ சொல்ல வந்து, "விடுங்க" என்று எழுந்து போனாள். மன்னித்த குரல் அல்ல அது. கோபமும் இல்லை. அவளுக்கு வேலை தேட வேண்டியிருந்தது.

குழு அந்த மாதத்தோடு கலைந்தது. அவளுக்குக் கொச்சியில் ஒரு இடம் கிடைத்தது. சம்பளம் பாதி, ஹாஸ்டலில்தான் தங்க முடியும். வட்டியூர்க்காவு வீட்டைக் காலி செய்தார்கள். லயத்து வீடு இன்னும் அவர்கள் பெயரில்தான் இருந்தது, காலி செய்யச் சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை என்பதால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் ஏற்ற நானும் போனேன். விதுரை வரைக்கும் ஒரு பிக்அப், அங்கிருந்து ஜீப். அம்மா பாத்திரங்களைப் புடவையில் சுற்றிச் சுற்றி வைத்தார். மருந்துப் பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மாத மருந்து இருந்தது.

அவள் அப்பா படியிறங்கி வந்து மூச்சு வாங்க நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மக சொல்லிச்சு, தோத்துட்டீங்கன்னு. அதுக்கு ஏன் சார் இப்பிடி மொகத்த வச்சிருக்கீங்க? நாங்க எத்தன தடவ தோத்திருக்கோம், கேட்டோ. பெரிய கை ஜெயிக்கும். நீங்க ஏழு பேரும் ஒண்ணா போட்டீங்கல்ல? கடைசி வரைக்கும் ஒருத்தனும் மாத்திக் குத்தலல்ல?"

அவள் பிக்அப்பின் பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்ட கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல" என்றேன். "யாரும் மாத்திக் குத்தல."

"பின்ன என்ன" என்றார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, எனக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையசைத்தார். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, சாமான்களுக்கு நடுவே ஏறிக்கொண்டாள்.