அதே இடத்தில் வந்த புண்

லாரி டிரைவர் என்றாலே ஊருக்கு ஒரு இளக்காரம். போகிற வழியெல்லாம் ஒரு வீடு வைத்திருப்பான் என்பார்கள். இந்த மனுஷனுக்கோ ஏறினால் இடுப்பு வலி, இறங்கினால் வீடு. மனைவியிடம் எதையும் மறைக்கத் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

தூரத்து லோடு அடித்துத் திரும்பும்போதெல்லாம் ஆணுறுப்பின் நுனியில் வட்டமாகச் சிவந்து எரியும், தோல் உரிந்து புண்ணாகும். முதல் தடவையே மனைவியிடம் சொல்லி, அவளோடுதான் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் பேன்ட்டைக்கூட இறக்கச் சொல்லவில்லை. "டிரைவரா? அப்போ புரியுது," என்று சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டு அனுப்பினார். படுபாவி! பார்க்காமலே ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"சத்தியமா நான் யார்கிட்டயும் போகலடி!"

"டிரிப்புக்குப் போனா புண்ணோட வர்றீங்க. நான் என்ன குருடியா?"

சோப்பு தனி, பாய் தனி என்றானது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவள் போய்த் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவனும் இவர் லாரி நிற்கும் ஷெட்டில்தான் லோடு ஏற்றுகிறான். "மாமா குடிச்ச டம்ளரைத் தொடாதீங்கடா!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். ஷெட்டே சிரித்தது. அவளை நம்பித்தானே சொன்னார்?

அடுத்த தடவை புண் வந்ததும் மனைவியோடு சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே புதிதாக வந்த டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு, கையுறை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எப்பவும் இதே இடத்துலதான் வருதா?"

"ஆமாம்மா. ஆறினதும் கறுப்பா நிக்கும். மறுபடி அங்கேயேதான் வரும்."

"வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

இடுப்பு வலி மாத்திரை. தூர ஓட்டத்துக்கு மட்டும் போடுவார். அதைப் பையில் எடுத்து வைப்பதே அவர் மனைவிதான்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்ததும், அவரைக் கேட்டுக்கொண்டு டாக்டரம்மா மனைவியை உள்ளே கூப்பிட்டார். "அந்த மாத்திரை இவருக்கு ஒத்துக்கலம்மா. சாப்பிடும்போதெல்லாம் ஒரே இடத்துல புண்ணாகுது. இது யாருக்கும் தொத்தாது. மாத்திரையை நிறுத்தி, களிம்பு போட்டா ஆறிடும்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இப்போது அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "புண்ணு மாத்திரையால வந்ததுன்னே வச்சுக்குவோம் டாக்டர். அதுக்காக இவர் எங்கேயும் போகலன்னு ஆயிடுமா?"

டாக்டரம்மா களிம்புக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுந்தார். "மறுபடி வாங்கிடாம இருக்க, அந்த மாத்திரை பேரை மட்டும் எழுதிக் குடுங்கம்மா," என்றார். "இவகிட்ட இனிமே எதையும் நிரூபிக்க எனக்குத் தெம்பில்ல."