இரண்டு கவளம் பழையது

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் தங்கை நான் எழுதுவது.

அண்ணன் பிறந்தது சீவலப்பேரியில். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. எனக்குத் தலை வாரி, சோறு பிசைந்து ஊட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அண்ணன்தான். நாங்குநேரியில் அண்ணனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததும், கல்யாணமாகி மதினி வந்தார்கள். மதினி நல்லவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அண்ணனுக்கு மூளையில் வேகமாக வளரும் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம் என்றார் மதுரை மருத்துவர். முதலில் மூன்று சுற்று மாத்திரை. கட்டி கொஞ்சம் அடங்கினால், பிறகு மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துத் தருவதாக ஏற்பாடு. அந்த மாத்திரைக்குப் புளித்துப்போன பழையதும் ஊறுகாயும் ஆகாது, ரத்த அழுத்தம் ஏறிவிடும். பயந்துபோய் மதினி, மாவு புளிக்கிறதே என்று தோசையைக்கூட நிறுத்திவிட்டார்கள். அண்ணனைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள இதுவும் ஒரு வழி என்றே நான் நினைத்தேன்.

இரண்டாம் சுற்றில் ஒரு காலை, மதினி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தூக்குச்சட்டியில் பழையதும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோனேன்.

"ஆகாதுன்னு சொல்லியிருக்காவளே, ஏட்டி" என்றார்கள் அண்ணன்.

"நான் தந்தாலுமா ஆகாது?"

இரண்டு கவளம் உண்டார்கள். மதினி திரும்புவதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மருந்தைப் பத்து நாள் நிறுத்தும்படி ஆயிற்று. "நாந்தான் கேட்டு வாங்கித் தின்னேன், அவள ஏசாத" என்று மதினியிடம் சொல்லிவிட்டார்கள் அண்ணன்.

மூன்று சுற்றும் முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. அதன்பின் எட்டு மாதம் இருந்தார்கள். அந்தப் பத்து நாளால் எதுவும் கெடவில்லை என்றார் மருத்துவர். நான் இன்னும் நம்பவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், அண்ணன் கேட்கவில்லை, நானாகத்தான் கொண்டுவந்தேன் என்று மதினியிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். அந்தத் தூக்குச்சட்டிய யாரும் பாக்கும் முன்ன கழுவி வச்சது யாருன்னு நெனைக்கே?" என்றார்கள். பிறகு அவர்களே தொடர்ந்தார்கள். "கடைசி வாரம் அவியளுக்கு எல்லார் பேரும் மறந்துபோச்சு. என்னையும் உன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாவ. எனக்கு வயிறு எரிஞ்சுது. கட்டுன புருசன அண்ணேன்னு சொல்லலாமா? ஆனாலும் 'என்னண்ணே'ன்னுதான் கேட்டேன். அப்பதான் கண்ண மூடிப் பைய உறங்குனாவ."

மதுரைக்குத் துணைவந்த அண்ணனின் பள்ளி நண்பர்களுக்கும், மருத்துவருக்கும், அண்ணனைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீரெடுக்கும் நீர்மாலைக்கு ஆற்றில் இறங்கிய சொந்தங்களுக்கும் நன்றி. மதினிக்கும் நன்றி. மனமார என்று எழுத இன்னும் கை வரவில்லை. அந்தக் கடைசி 'என்னண்ணே' என்னுடையது. அதையும் மதினியே சொல்லிவிட்டார்கள்.