பால் வழிந்த அடுப்பு

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே, தறிப்பட்டறைகளுக்கு நடுவில், இன்பமேரி அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து வீட்டில் இருப்புக்கொள்ளாத எனக்குக் காலையில் உட்கார அதுதான் இடம்.

அவருடைய விறகு அடுப்பு ஓர் இரும்பு டிரம். உள்ளே சுற்றிலும் ஃபயர் பிரிக் பதித்திருக்கும். சூட்டைப் பிடித்துவைக்கும் அந்தக் கல் பார்க்கத்தான் முரடு. கட்டை இடித்தால் மூலை உதிரும், கொதிப்பில் ஈரம் பட்டால் வெடிக்கும். கணவர் சேவியர்ராஜ், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் பாய்லர் பார்த்தவர். போர்வெல் ரிக்கோடு தான்சானியா கிளம்பும் முன் அவரே கல்லை அறுத்துப் பதித்துக் கொடுத்தார். ஒரு வருஷந்தான் என்று போனவர். இது மூன்றாவது பொங்கல்.

அக்கா விறகை எறியமாட்டார், மெல்ல நுழைப்பார். சிரட்டையில் சின்னத் தீ மூட்டி, கல் சூடேறிய பிறகே கட்டை வைப்பார். கடை முடிந்ததும் தண்ணீர் தெளிக்காமல் தானாக ஆறவிடுவார்.

"ஏனுங்கக்கா, அண்ணனைக்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டீங்க" என்பாள் பக்கத்துப் பட்டறைக் கலைமணி.

"அவரு இருந்தா அடுப்பை எவ பாக்கறா? போ புள்ள."

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வருவதாக இருந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. அக்கா பங்குக் கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர் வீடியோவில் கூப்பிட்டார். போனைப் பிடிக்கும் வேலை எனக்கு.

வழக்கமாக அக்கா வாசலில் கல் கூட்டித்தான் பொங்கல் பானை வைப்பார். பால் பொங்கி வழிய வேண்டும், டிரம்மில் வழிந்தால் கல் தாங்காது.

"நான் வெச்ச அடுப்புல பொங்கட்டும் மேரி. பாக்கோணும்னு இருக்குது."

அக்கா பானையைத் தூக்கி உள்ளே வந்து டிரம் அடுப்பில் ஏற்றினார்.

நுரை விளிம்புக்கு ஏறியது. "அரிசியைப் போட்டு அடக்கிருங்கக்கா. கல்லு போயிரும்" என்றேன்.

"வழியட்டும். அவரு பாக்கறாரு."

வழிந்தது. கலைமணி தட்டை அடித்துப் பொங்கலோ பொங்கல் என்றாள். போனுக்குள்ளிருந்து அவரும் சொன்னார். அப்போது அடுப்புக்குள் ஓடு விரிகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்ன மேரி அது?"

ஒண்ணுமில்லீங்க என்பார் என்றே நினைத்தேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவரிடம் அதைத்தான் சொன்னார்.

"கல்லு வெடிச்சிருச்சுங்க."

"அதுக்கென்ன, பவானியில காளியண்ணங் கொத்தனாரைக் கூப்பிட்டு மாத்திக்க."

"வேண்டாம். நீங்க வந்து மாத்துங்க."

"அதுவரைக்கும் கடை?"

"கேஸ் வெச்சு ஓட்டிக்கறேன். இதுல இனி வேற கை படக்கூடாது."

திரையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ரிக் தூசியாகவும் இருக்கலாம்.

"வாரேன் மேரி."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"தேதி சொல்லுங்க."