கரும்பில் இறங்கிய விமானம்

விமானம் என்றால் இரைச்சலோடு போகும் என்றுதான் எனக்குத் தெரியும். அன்று வந்தது சத்தமே இல்லாமல் வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். வல்லம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடிந்திருந்தது. மண்ணுக்குள் தங்கிப்போன கடலைக் காய்களைக் கிளறி எடுப்பது பிள்ளைகளின் வேலை. நான் நடுக்கொல்லையில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்றடியில் இருந்தாள். எதற்கோ நிமிர்ந்தேன். திண்டிவனம் பக்கமிருந்து ஒரு சின்ன விமானம், முன்னால் சுற்ற வேண்டிய விசிறி அசையாமல், நேராக என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. எழுந்து நின்று கையை ஆட்டினேன். அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாளாம். அது என் காதில் விழுந்ததா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

விமானம் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரப்பைத் தாண்டி, பெரியப்பாவின் கரும்புக்குள் போய் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வெற்றுக் கொல்லை எங்களுக்கு இருக்க, இனி அது பெரியப்பா வீட்டு விமானம் ஆகிவிடும். அவர் பிள்ளைகள் என்னைத் தொடக்கூட விடமாட்டார்கள். வரப்பைத் தாண்டி நானும் ஓடினேன்.

சக்கரம் உடைந்து, இறக்கை மடங்கிக் கிடந்த அதிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மெட்ராஸில் விமானம் ஓட்டப் பழகுகிறவனாம். நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டதாம். நெற்றியில் ரத்தம். பெரியப்பா மண்வெட்டியும் கையுமாக வந்தார்.

“கண்ணு தெரியலயா ஒனக்கு? பக்கத்துல கொல்ல வெறுமனே கெடக்குதே, அங்க எறக்கனா இன்னா?”

நான் கேட்க நினைத்ததும் அதேதான்.

அவன் என்னைப் பார்த்தான். “பாப்பா நின்னுக்கினு இருந்துச்சுங்க” என்றான்.

பெரியப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் நெற்றியில் கட்டினார்.

அந்நிய ஆண்கள் முன்னால் வராத அம்மா, கரும்புக்குள்ளேயே வந்து நின்றாள். ஏழு வயதுக்காரியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள், ஜீப் வந்து அவனை அழைத்துப்போகும்வரை இறக்கவே இல்லை. பெரியப்பா பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விமானத்தைத் தொடாமல் போனது அம்மாவால்தான் என்று வெகுநாள் கோபமாக இருந்தேன். இப்போது விழுப்புரத்தில் என் மகன் தெருமுனை தாண்டினால் நானும் பின்னாலேயே போய் நிற்கிறேன். அவனுக்கும் என்மேல் அதே கோபம் இருக்கிறது. நான் செய்வது சரிதானா, தெரியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அம்மா என்னை மேல்மலையனூருக்கு அழைத்துப்போனாள். பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

“பேரு தெரியாதுங்க. யாரோ பெத்த புள்ள. நல்லா இருக்கணும்” என்றாள் அம்மா.

எனக்கு விளங்கவில்லை. அவன் நெற்றி இதற்குள் ஆறியிருக்குமே, உடைந்தது விமானம்தானே. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதன் சக்கரம் சீக்கிரம் சரியாக வேண்டும், அடுத்த முறை அது எங்கள் கொல்லையிலேயே இறங்க வேண்டும் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.